எட்டும் தூரத்தில் ஒருத்தி: தொலைக்காட்சிப் பாத்திரங்களும் இளம்பெண்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



பெண்கல்விக்காக ஏற்படுத்தப்பட்ட ஓர் அறக்கட்டளையில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசலாமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். இந்த மேடையில்தான் அதைப் பேசவேண்டும் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குப் பள்ளி ஒரு குறிப்பிட்ட வயதோடு முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொடர் முடிவதில்லை. பாட்டியும் அம்மாவும் மகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரே கதாநாயகியைப் பல ஆண்டுகள் பார்க்கிறார்கள். அவள் எடுக்கும் முடிவுகளைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் தங்கள் வாழ்க்கையைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். படித்த உலகம் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியே பழகிவிட்டது. அப்படி ஒதுக்கத்தக்கதல்ல இது என்பதற்குப் பெருவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் சான்றுகள் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்திரத்தை இளம்பெண்கள் முன்மாதிரியாகக் கொள்வது அவளுடைய மேன்மையைக் கண்டு அல்ல. அவள் எட்டும் தூரத்தில் நிற்கிறாள் என்பதைக் கண்டு. மிக உயரத்தில் இருப்பவரை நாம் வணங்குகிறோம், பாராட்டுகிறோம். ஆனால் நாளைக் காலையில் என்ன செய்வது என்பதை, நமக்குச் சற்று முன்னே நடந்துபோகிறவளைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. பழக்கத்தால் வளரும் உறவு

1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைக்காட்சியில் தொடர்ந்து தோன்றும் ஒருவரோடு பார்வையாளர் கொள்ளும் உறவு, நேரில் பழகும் உறவின் குணங்களைப் பெறுகிறது என்று அதில் விளக்கினார்கள். அந்த மனிதருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அவருடைய கோபமும் தயக்கமும் சிரிப்பும் நமக்கு அத்துபடி. ஒருதலையான உறவுதான், என்றாலும் உணர்ச்சி உண்மையானது.

திரைப்படத்துக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. திரைப்படத்தில் கதாநாயகியை மூன்று மணி நேரம் பார்க்கிறோம். அதற்குள் அவளுடைய துன்பம் தீர்ந்துவிடும். தொடரில் வருபவளோ நம் வீட்டுக் காலத்தோடு சேர்ந்து நடக்கிறாள். நம் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து பேசத் தொடங்கும் வரைக்கும் அவளுடைய வழக்கு முடியாமல் இருக்கும். அவள் சோர்ந்துபோகும் நாள்களையும் நாம் பார்க்கிறோம்.

1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய அந்தத் தொடர் 156 பகுதிகள் ஓடியது. வட இந்தியாவின் கீழ் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை. குடிகாரத் தந்தை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பாக்வந்தி, மூன்று மகள்கள். மூத்தவள் பட்கி, பெண்கள் நலனுக்காக உழைப்பவள். நடுவில் மஜ்லி, நடிகையாகும் ஆசையில் ஏமாற்றப்படுபவள். கடைக்குட்டி சுட்கி, மருத்துவராக விரும்புபவள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய நிகழ்வைப் பற்றிப் பார்வையாளரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். தொடருக்கு வந்த கடிதங்கள் சுமார் நான்கு லட்சம். காதலனை மணப்பதா வேண்டாமா என்று பட்கி தயங்கிக்கொண்டிருந்தபோது, தயங்காமல் முடிவெடு என்று இளம்பெண்கள் அவளுக்குக் கடிதம் எழுதினார்கள். அவளுடைய திருமணக் காட்சி ஒளிபரப்பான நாளில் வட இந்திய ஊர்கள் பலவற்றில் கடைகளை முன்கூட்டியே அடைத்தார்கள்.

அந்தக் கடிதங்களை எழுதிய பெண்களுக்கு அவள் கற்பனைப் பாத்திரம் என்பது தெரியாதா? நன்றாகவே தெரியும். தன் வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைப் பட்கியிடம் சொல்ல முடிந்தது, அதனால் எழுதினார்கள். ஒரு பெண் தன் விருப்பத்தை எழுத்தில் வைப்பதற்கு ஒரு பாத்திரம் துணையாக நின்றிருக்கிறது. முன்மாதிரி என்பது இந்தத் துணையிலிருந்துதான் தொடங்குகிறது.

2. ஒரு படி முன்னே நிற்பவள்

நெருக்கம் மட்டும் போதாது. நம்மைப் போலவே இருப்பவள், நாம் நிற்கும் இடத்திலேயே நின்றுவிட்டால் அவள் தோழி ஆவாள், வழிகாட்டி ஆகமாட்டாள்.

1969இல் பெரு நாட்டில் 'சிம்ப்ளமென்தே மரியா' என்ற தொடர் தொடங்கியது. செலியா அல்காந்தரா என்ற அர்ஜென்டினிய எழுத்தாளரின் கதை. கிராமத்திலிருந்து தலைநகருக்கு வீட்டுவேலைக்கு வரும் மரியா, பணக்கார இளைஞன் ஒருவனை நம்பி ஏமாறுகிறாள். கையில் குழந்தை. பகலில் வேலை செய்து, இரவில் எஸ்தெபான் என்ற ஆசிரியரிடம் எழுதப் படிக்கக் கற்கிறாள். தையல் பழகுகிறாள். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து உழைத்து, ஆண்டுகள் பல கடந்தபின் ஆடை வடிவமைப்பாளராகப் பெயர் பெறுகிறாள். சாபி கமாலிச் என்ற நடிகை மரியாவாக நடித்தார்.

மரியாவுக்கும் எஸ்தெபானுக்கும் நடக்கும் திருமணக் காட்சியை லிமா நகரத் தேவாலயம் ஒன்றில் படமாக்கியபோது, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் திரண்டார்கள். மணமக்களுக்குப் பரிசுப் பொருள்களோடு வந்தவர்களும் உண்டு. ஆனால் நாம் கவனிக்கவேண்டியது அந்தக் கூட்டத்தை அல்ல. லிமா நகரத்தில் வீட்டுவேலை செய்த இளம்பெண்கள் தையல் வகுப்புகளிலும் எழுத்தறிவு வகுப்புகளிலும் போய்ச் சேர்ந்தார்கள். தொடர் ஓடிய லத்தீன் அமெரிக்க நாடுகளில் சிங்கர் தையல் இயந்திரங்களின் விற்பனை உயர்ந்தது. தையல் கற்றுக்கொள்ளுங்கள் என்று தொடரில் யாரும் சொல்லவில்லை. தங்களைப் போன்ற ஒரு பணிப்பெண் கற்றுக்கொண்டதை அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவே.

மெக்சிகோவின் தொலைக்காட்சிப் படைப்பாளர் மிகேல் சாபிதோ இந்தத் தொடரைக் கூர்ந்து ஆராய்ந்தார். உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூராவின் கற்றல் கொள்கையை அதோடு இணைத்தார். மனிதர்கள் பிறர் செய்வதைப் பார்த்தே பெரும்பாலும் கற்கிறார்கள், தங்களைப் போன்ற ஒருவர் முயன்று வெல்வதைப் பார்க்கும்போது தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது என்பது பண்டூராவின் ஆய்வு முடிவு. இதிலிருந்து சாபிதோ ஒரு கதையமைப்பை வகுத்தார். அதில் நல்லவர் உண்டு, தீயவர் உண்டு. கதையின் உயிர் மட்டும் இடையில் நிற்கும் மூன்றாமவரிடம் இருக்கும். தயங்குவார், தவறுவார், பின்வாங்குவார், மறுபடி முயல்வார். பார்வையாளர் தன்னைப் பொருத்திப் பார்ப்பது இவரோடுதான்.

மாணவியர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். எதிலும் தோற்காத கதாநாயகியிடமிருந்து நாம் கற்பது குறைவு. எழுதப் படிக்கத் தெரியாமல் நகரத்துக்கு வந்து, ஏமாந்து, பிறகு கற்றுக்கொண்ட மரியாவிடமிருந்து கற்பதே அதிகம்.

3. போகும் வழி கண்ணில் படவேண்டும்

மூன்றாவது கூறு, நம் நாட்டின் அனுபவத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1989இல் தூர்தர்ஷனில் 'உடான்' ஒளிபரப்பானது. கவிதா சவுத்ரி எழுதி, இயக்கி, கல்யாணி சிங் என்ற முதன்மைப் பாத்திரத்தில் தாமே நடித்தார். கல்யாணி காவல்துறை அதிகாரியாகும் கதை அது. கவிதாவின் அக்கா காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையே அதன் மூலம். காஞ்சன், கிரண் பேடிக்கு அடுத்து ஐபிஎஸ் பணிக்கு வந்த இரண்டாவது பெண். 1973ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவர். 2004இல் உத்தரகண்ட் மாநிலத்தின் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். இந்தியாவில் அந்தப் பதவியை வகித்த முதல் பெண் அவர்.

காவல் சீருடை அணிந்த பெண்ணைத் திரையில் காட்டுவது எளிது. திரைப்படங்கள் பல அதைச் செய்திருக்கின்றன. முதல் காட்சியிலேயே அவள் அதிகாரியாக வந்து நிற்பாள். எப்படி அங்கே வந்தாள் என்பது தெரியாது. 'உடான்' அந்த இடைவெளியைத்தான் கதையாக்கியது. சொத்துத் தகராறில் அநீதிக்கு ஆளான ஒரு குடும்பம், மகளை மகனுக்குக் குறைவாக நினைக்காத ஒரு தந்தை, படிப்பு, தேர்வு, பயிற்சி, பணியில் சேர்ந்த பிறகும் தொடரும் மறுப்புகள். சிறிய ஊரிலிருந்த ஒரு மாணவிக்கு இது பெரிய தகவல். குடிமைப்பணித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பெண் எழுதலாம், எழுதினால் இப்படி ஒரு பயிற்சி உண்டு என்பதை அவளுக்குச் சொல்ல அந்த நாளில் வீட்டில் ஆள் இல்லை, ஊரில் நூலகம் இல்லை. ஒரு தொடர் சொன்னது. உடானைப் பார்த்தே தேர்வு எழுதத் துணிந்ததாகப் பின்னாளில் பெண் அதிகாரிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதை மீண்டும் ஒளிபரப்பியது. கவிதா சவுத்ரி 2024 பிப்ரவரியில் காலமானார்.

உடான் தந்த முன்மாதிரியில் இன்னொரு முன்மாதிரியும் அடங்கியிருந்தது. அது கல்யாணியின் தந்தை. ஒரு மகளை வளர்க்கத் தெரிந்த தகப்பன் எப்படி இருப்பான் என்பதை இலட்சக்கணக்கான தகப்பன்மார் அந்தத் தொடரில் பார்த்தார்கள். பெண்ணுக்கு முன்மாதிரி வேண்டும் என்றால், அவளை அனுப்பிவைக்கும் வீட்டுக்கும் ஒரு முன்மாதிரி வேண்டும். தகப்பனும் மகளும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே திரையைப் பார்க்கும் வீட்டில்தான் இது கூடிவரும்.

4. போதனையைவிட வாழ்ந்து காட்டுவது வலியது

'ஹம் லோக்' முதலில் குடும்பநலப் பிரச்சாரத்துக்காகவே திட்டமிடப்பட்டது. முதல் 13 பகுதிகளில் அறிவுரை மேலோங்கி நின்றது. மக்கள் அதை விரும்பவில்லை. பிறகு அறிவுரையைக் குறைத்து, குடும்பத்தின் அன்றாடச் சிக்கல்களுக்கு இடம் கொடுத்தார்கள். அப்போதுதான் நாடு அந்தக் குடும்பத்தைத் தன் குடும்பமாக ஏற்றது.

இதைவிட வலுவான சான்று பிரேசிலில் இருக்கிறது. 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6.3 குழந்தைகள், 2000இல் அது 2.3. இத்தனைக்கும் அரசு பெரிய அளவில் பிறப்புக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் எதுவும் நடத்தவில்லை. கல்வியும் நகரமயமாதலும் முக்கியக் காரணங்கள்தாம். எலியானா லா ஃபெராரா, ஆல்பர்ட்டோ சோங், சூசன் டுரியே ஆகிய பொருளியல் அறிஞர்கள் இன்னொரு காரணத்தையும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அது குளோபோ தொலைக்காட்சியின் இரவுத் தொடர்கள். 1965 முதல் 1999 வரை வந்த 115 தொடர்களை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஐம்பது வயதுக்கு உட்பட்ட முதன்மைப் பெண் பாத்திரங்களில் 72 விழுக்காட்டினருக்குக் குழந்தை இல்லை. 21 விழுக்காட்டினருக்கு ஒரே குழந்தை. குளோபோவின் ஒளிபரப்பு எட்டிய ஊர்களில், எட்டாத ஊர்களைவிடப் பிறப்பு விகிதம் குறைந்தது. குழந்தைகளுக்குப் பாத்திரங்களின் பெயர்களை வைக்கும் வழக்கமும் அந்த ஊர்களில் கூடியது. வசதி குறைந்த பெண்களிடம் இந்தத் தாக்கம் அதிகமாக இருந்தது. முதன்மைப் பாத்திரத்தின் வயதை ஒத்த வயதுள்ள பெண்களிடம் இன்னும் கூடுதலாக இருந்தது.

சிறு குடும்பமே நல்லது என்று அந்தப் பாத்திரங்கள் பேசவில்லை. அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களைச் சுற்றியிருந்த வீடு, வேலை, காதல், ஓய்வு நேரம் எல்லாம் சேர்ந்து இப்படியும் வாழலாம் என்று காட்டின. தன் வயதுக்காரி ஒருத்தி அப்படி வாழ்வதை இரவுதோறும் பார்த்த பெண், தன் வாழ்க்கையின் கணக்கை அமைதியாக மாற்றிக்கொண்டாள்.

5. கற்பது திசையறியாது

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு மகிழ்ந்துவிட முடியாது. நெருக்கத்தின் ஆற்றல் நன்மைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. ஹம் லோக் தொடரின் தாய் பாக்வந்தியை எண்ணிப் பாருங்கள். பெண் இப்படி மிதிபடக்கூடாது என்று காட்டத்தான் படைப்பாளர்கள் அவளை அமைத்தார்கள். ஆனால் அவளுடைய பொறுமையையும் தியாகத்தையும் போற்றி, அவளையே பின்பற்றத்தக்கவளாகப் பார்வையாளர் பலர் கொண்டதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எழுதியவர் எச்சரிக்கையாக வைத்ததை, பார்த்தவர் இலட்சியமாக எடுத்துக்கொண்டார்.

தமிழ்த் தொடர்களுக்கு இது நேரடியான பாடம். துன்பத்தை நீட்டி நீட்டிக் காட்டி, அதைத் தாங்குபவளை விளக்கேற்றிக் கும்பிடும் கதை, கண்டிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே தாங்குதலைக் கற்றுத்தருகிறது. அடிக்கும் கணவனைத் தீயவனாகக் காட்டுவதால் மட்டும் கடமை முடிந்துவிடாது. அடிபட்டவள் அடுத்த நாள் எங்கே போனாள், யாரிடம் சொன்னாள், எப்படிப் பிழைத்தாள் என்பதைக் காட்டாத கதை பாதிக் கதை.

நம் தொடர்களில் நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'கோலங்கள்' தொடரின் அபி, குடும்பத்தைத் தாங்கிய மூத்த மகள். மணவாழ்க்கை முறிந்த பிறகும் கட்டுமானத் தொழிலில் தன் காலில் நின்றாள். தேவயானி நடித்த அந்தப் பாத்திரம், விவாகரத்தைப் பெண்ணின் வாழ்க்கைக்கே முடிவாகக் கருதிய வீடுகளுக்குள் ஒரு மறுபேச்சாக நுழைந்தது. கோலங்களை இயக்கிய திருச்செல்வம் 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில், ஒரே வீட்டுக்குள் அடக்கப்பட்ட நான்கு மருமகள்கள் இருந்தார்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு திறமை, வெவ்வேறு அளவு அச்சம். பார்க்கும் பெண் தன் வயதுக்கும் தன் துணிவுக்கும் ஏற்ற ஒருத்தியை அந்த நால்வரில் கண்டுகொள்ள முடிந்தது. பிரேசில் ஆய்வு சொன்ன வயதுப் பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

தொலைக்காட்சியின் தாக்கத்துக்கு நம் நாட்டிலேயே ஆய்வுச் சான்றும் உண்டு. பொருளியல் அறிஞர்கள் ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் ஆகியோர் 2001 முதல் 2003 வரை இந்தியக் கிராமங்களில் கள ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த கிராமங்களில், மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பான்மை பெண்களிடம் குறைந்தது. ஆண்குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. எந்தத் தொடர் எதைச் செய்தது என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. குறைகள் மலிந்த தொடர்களாலேயே இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், அக்கறையோடு எழுதப்பட்ட தொடர்கள் எவ்வளவு செய்யக்கூடும் என்பதே நாம் எழுப்பவேண்டிய கேள்வி.

நிறைவாக

ஐந்து கூறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, திரைக்கு வெளியே நிற்கும் ஒரு கடமை தெரிகிறது. 1975இல் சாபிதோ மெக்சிகோவில் 'வென் கொன்மிகோ' என்ற தொடரைத் தயாரித்தார். முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேரும் எளிய மனிதர்களின் கதை. பாடநூல் எங்கே கிடைக்கும் என்று ஒரு பகுதியின் முடிவில் அறிவித்தார்கள். மறுநாள் மெக்சிகோ நகரத்தின் பாடநூல் மையத்தில் சுமார் 25,000 பேர் குவிந்தார்கள். தொடர் ஓடிய காலத்தில் வகுப்புகளில் பெயர் பதிந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். முந்தைய ஆண்டைப் போல ஒன்பது மடங்கு. கதை ஆசையை எழுப்பியது. அரசின் எழுத்தறிவுத் திட்டம் வகுப்பறையோடும் புத்தகத்தோடும் காத்திருந்தது. இரண்டும் சேர்ந்ததால் ஆசை செயலானது. லிமாவில் தையல் வகுப்புகள் இல்லாதிருந்தால், அங்கிருந்த பணிப்பெண்கள் மரியாவைப் பார்த்து அழுதுவிட்டுப் படுத்திருப்பார்கள்.

ஆகவே மூன்று தரப்பினரிடம் என் வேண்டுகோளை வைக்கிறேன்.

தொடர் எழுதுகிறவர்களே, உங்கள் கதாநாயகியை ஒரு வேலைக்கு அனுப்புங்கள். அந்த வேலையை அவள் எப்படிப் பெற்றாள் என்பதையும் எழுதுங்கள். அவள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கட்டும், மகளிர் காவல் நிலையத்தின் படி ஏறட்டும், விட்ட படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கட்டும். அந்தக் காட்சிகளைச் சலிப்பானவை என்று வெட்டாதீர்கள். பார்ப்பவளுக்கு மிகவும் வேண்டியவை அவைதாம்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவியர் பார்க்கும் தொடர்களை ஏளனம் செய்யாமல் வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள். அவள் எடுத்த முடிவு சரியா, அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். தன் கதையைச் சொல்லத் தயங்கும் பெண்கூட அடுத்தவள் கதையில் வாய் திறப்பாள். அப்போது எந்தத் தேர்வு, எந்த உதவித்தொகை, எந்த அலுவலகம் என்று எடுத்துச் சொல்ல நீங்கள் அருகில் இருக்கவேண்டும்.

மாணவியரே, உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் புடவையையும் பேச்சையும் ரசியுங்கள், அதில் தவறில்லை. அதோடு, அவள் எந்த இடத்தில் பயந்தாள், பயந்த பிறகு என்ன செய்தாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், உங்களைவிடச் சிறிய ஒருத்தி இப்போதே உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் நீங்கள்தாம். நீங்கள் படிப்பை முடியுங்கள், அவளும் முடிப்பாள்.